நாயோடு நடக்க ஐந்து சமதளப் பாதைகள்: ஒரு திருத்தம்

கீழ்வேளூர்,
ஐப்பசி 9, சனிக்கிழமை.

'ஓய்வோலை' மாத இதழின் ஆசிரியரும், நமது ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளரும், என்னைவிட இரண்டு வயது இளையவராக இருந்தும் என்னால் எப்போதும் அண்ணன் என்றே அழைக்கப்படுபவருமான ஜனாப் ஷேக் பரீத் அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வு பெற்ற பிர்கா சர்வேயர் இராஜாங்கம் பணிந்து எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் மனைவி மீனாவும் சுகம். கூத்தாநல்லூரில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் இடது கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். கண்ணுக்கு ஓய்வு தேவைப்படும் நேரத்தில் இவ்வளவு நீளமான கடிதம் அனுப்புவதற்கு மன்னிக்க வேண்டும். வேறு யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இதில் இருப்பதை இன்னொருவர் வாயால் தாங்கள் கேட்பதை நான் விரும்பவில்லை.

புரட்டாசி இதழில் பதினேழாம் பக்கத்தில் என் பெயரில் வெளிவந்த 'நாயோடு நடக்க ஐந்து சமதளப் பாதைகள்' என்ற கட்டுரை பற்றியது இது. அண்ணே, அந்த ஐந்து பாதைகளில் ஒன்றில்கூட நான் நடந்து பார்த்து எழுதவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருவது.

ஆடி மாதப் பொதுக்குழுவில் ஒரு டாக்டர் நடைப்பயிற்சி பற்றி ஒன்றரை மணிநேரம் பேசி, சமோசா எல்லாம் ஆறிப்போனது தங்களுக்கு நினைவிருக்கும். அன்று கைகழுவும் இடத்தில் தாங்கள் என்னிடம், நடை பற்றி ஏற்கெனவே இரண்டு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நீங்கள் ஏதாவது புதிதாகச் சேர்த்து எழுதுங்கள் என்றீர்கள். அந்த வாரம் சென்னையிலிருந்து வந்திருந்த என் மகள் தன் போனில் ஏதோ வெளிநாட்டுப் பக்கத்தைக் காட்டினாள். வயதானவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் தங்கள் நாயோடு போய்வர வசதியான பாதைகள், ஒவ்வொன்றின் நீளம், அகலம், நிழல், உட்கார எங்கே பெஞ்சு என்று படத்தோடு போட்டிருந்தான். நம் ஊரில் இல்லாததா என்று எனக்கு ஒரு ரோஷம். முப்பத்து நான்கு வருடம் இந்தப் பிர்காவின் நில அளவைப் புலப்படங்களை நகல் எடுத்தவன் நான். எந்த சர்வே எண்ணின் தெற்கு எல்லையில் வண்டிப்பாதை போகிறது, எந்த வாய்க்கால் கரை எத்தனை மீட்டர் அகலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன். காலைக் காப்பிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஐந்து பாதையையும் எழுதி முடித்தேன். அதற்காக நாற்காலியை விட்டு ஒரே ஒரு தடவைதான் எழுந்தேன். அதுவும் ஸ்கேல் எடுக்க.

அடுத்தது நாய். 'என் உற்ற தோழன் வீரனோடு ஒவ்வொரு காலையும்' என்று ஆரம்பித்திருந்தேன் அல்லவா, அந்த வீரன் என்று ஒரு நாய் கிடையாது. எனக்கு நாய் என்றாலே பயம். பணிக்காலத்தில் என்னை நான்கு முறை நாய் கடித்திருக்கிறது, அதில் மூன்று கடி ஒரே நாய் கடித்தது. கட்டுரையோடு வந்த படம் சென்னையில் என் மகள் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவர்களின் நாய். அது பெண் நாய், போகிற இடமெல்லாம் காரில்தான் போகுமாம். இதழ் வந்த அன்று மீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தாள். பிறகு இதழை மடித்துவைத்துவிட்டு, "யாருங்க வீரன்?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன். அன்றைக்கே தங்களுக்கு எழுதியிருந்தால் இந்தக் கடிதம் ஒரு அஞ்சலட்டையில் முடிந்திருக்கும்.

இதழ் வந்த பத்தாவது நாள் எனக்கு ஒரு அம்மாள் போன் செய்தார். தாங்கள்தான் எண் கொடுத்தீர்களாம், நல்லெண்ணத்தில் கொடுத்திருக்கிறீர்கள். பெயர் எல்லையம்மாள். நாகப்பட்டினத்தில் கடற்கரையோரம் வீடு, மீன்பிடிக் குடும்பம். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், நம் சங்க உறுப்பினர். ஏழு மாதம் முன்பு இடுப்பு எலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள். தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும், ஆனால் மேடு பள்ளம் கூடவே கூடாது, தரையில் உட்காரவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கடற்கரை மணலில் அவருடைய நான்கு கால் ஊன்றுகோல் புதைகிறது, ரோட்டுக்குப் போனால் லாரி. கூடவே ஒரு நாய். அவர் தம்பியின் படகில் பின்பக்கம் சுக்கான் பக்கத்திலேயே பத்து வருடம் உட்கார்ந்து கடலுக்குப் போய்வந்ததாம், அதனால் அதற்குச் சுக்கான் என்றே பேர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. பார்வை போன நாயைப் படகில் ஏற்ற முடியாது, துறைமுகத்திலேயே விட்டுவிடலாம் என்று தம்பி சொன்னபோது, இவர் கயிற்றைக் கட்டி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். இடுப்பு முறியாத காலத்தில் வந்த நாய். இப்போது இரண்டு பேருக்கும் சமதளம் தேவை.

"மூணாவது பாதை எங்க ரெண்டு பேருக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு சார்" என்றார். பத்தடி அகலம், கெட்டித் தரை, இருபுறமும் புங்க மரம், நூறு மீட்டருக்கு ஒரு மதகுக் கட்டை உட்காருவதற்கு, சக்கர நாற்காலியும் தடையின்றிச் செல்லும் என்று நான் எழுதியிருந்ததை எனக்கே போனில் படித்துக்காட்டினார். என் எழுத்தை முன்பின் தெரியாதவர் வாய்விட்டுப் படித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த மயக்கத்தில், தாராளமாக வாருங்கள் அம்மா, நானே கூட வந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்படிச் சொன்னால் யாரும் வருவதில்லை என்பது என் அனுபவம்.

புரட்டாசிக் கடைசி ஞாயிறு காலை ஆறரைக்கு வாசலில் மீன் ஏற்றும் லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டிவந்தவர் அவருடைய தம்பி மகன், கீழ்வேளூர்ச் சந்தைக்கு மீன் போடப் போகிறவர். முன் சீட்டில் எல்லையம்மாள், கையில் கட்டுரையைக் கத்தரித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். காலடியில் சுக்கான். எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் வண்டிக்குப் பின்னால் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. வீரன் எங்கே என்று அவர் விசாரித்தார். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றேன். உள்ளே மீனா இருமினாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த வாசலில் நின்றுகொண்டு, அம்மா, அந்தப் பாதையை நான் நேரில் பார்த்ததே இல்லை, இன்று வேண்டாம், காப்பி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? இந்தப் பதின்மூன்று நாளாக அந்த இடத்துக்கே மனசு திரும்பித் திரும்பிப் போகிறது அண்ணே. சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு லோடு ஆட்டோவின் பின்னால் ஏறி, மீன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாம் பாதை ஈச்சந்திடலுக்குப் போவது. தார்ரோட்டிலிருந்து வாய்க்கால் கரையோடு இருநூறு மீட்டர், பிறகு கிழக்கே திரும்பி வண்டிப்பாதையாக முந்நூறு மீட்டர், அந்தக் கோடியில் ஈச்சந்திடல் என்ற முப்பது வீட்டுக் குடியிருப்பு. படத்தில் அப்படித்தான். எங்களை ரோட்டு முனையில் இறக்கிவிட்டு, ஒரு மணிநேரத்தில் வருகிறேன் என்று வண்டி போய்விட்டது. வாய்க்கால் கரை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீரும் சம்பா நடவும், எல்லையம்மாள் ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் கயிறுமாக நிதானமாக நடந்தார், சுக்கான் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு அவர் காலோடு ஒட்டியே வந்தது. மரம்தான் காணோம். புங்க மரங்கள் எங்கே என்றார். புயலில் போயிற்று என்றேன். எந்தப் புயல் என்று அவர் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. நானே, படத்தில் இருப்பது இருந்துதானே தீரும் என்று ஒரு தைரியத்துக்கு வந்துவிட்டேன்.

கிழக்கே திரும்ப வேண்டிய இடத்துக்கு வந்தோம். அங்கே பாதை இல்லை. நடவு முடிந்து பச்சைப்பசேல் என்று வயல் நின்றது. வண்டிப்பாதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு வரப்பு, அதுவும் புது மண் அணைத்தது. நான் கையிலிருந்த நகல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லையம்மாள் பொறுமையாக நின்றார். வரப்பில் அவருடைய ஊன்றுகோலின் இரண்டு கால் நின்றன, மற்ற இரண்டும் தண்ணீருக்கு மேல் தொங்கின.

அந்த நிமிடமும் எனக்குத் திரும்பக் கிடைத்த ஒரு வாய்ப்புதான். ஆனால் நான் என்ன செய்தேன் என்றால், இது கொஞ்ச தூரம்தான் அம்மா, அந்தப் பக்கம் அகலமாகிவிடும், நான் நாயைக் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினேன். ஆயுசில் முதல் முறையாக ஒரு நாயின் கயிற்றைப் பிடிக்கிறேன், அதுவும் கண் தெரியாத நாய், வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில். அது பாவம் என்னையும் நம்பித்தான் வந்தது. நாலு அடி போயிருப்போம், வரப்பில் இருந்த தவளை ஒன்று அதன் மூக்கின்மேல் குதித்தது. நாய் திரும்பியது, கயிறு என் இரண்டு காலையும் சுற்றியது. எங்கே கடித்துவிடுமோ என்று நான் காலை உதறினேன். அவ்வளவுதான். நான் கரை வரை பின்னால் தடுமாறி வாய்க்காலில் விழுந்தேன், கயிறு என் கையில் மாட்டியிருந்ததால் நாயையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன்.

தண்ணீர் என் இடுப்பளவு. அது எனக்கு அப்போது தெரியவில்லை. கரையில் மண்டியிருந்த காட்டாமணக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காப்பாற்றுங்கள் காப்பாற்றுங்கள் என்று நின்றபடியே கத்தினேன். கயிற்றை எப்போது விட்டேன் என்று தெரியாது. சுக்கான் எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் நீரோடு போய்க்கொண்டிருந்தது, இருபது அடி தள்ளி வாய்க்கால் ஒரு குழாய் மதகுக்குள் புகுகிறது. எல்லையம்மாள் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கரையோடு நடந்தார், அந்தக் குரலைக் கேட்டு அது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, பார்க்க முடியாத கண்ணோடு. அப்போது அடுத்த வயலில் நடவுக்கு நாற்று முடிச்சுகளை அங்கங்கே விளம்பிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து மதகு வாயிலேயே குதித்தார். நாயைத் தூக்கிக் கரையில் போட்டார். பிறகு நிதானமாக நடந்துவந்து என்னைப் பார்த்து, "காலை ஊணுங்க சார், நின்னுக்கிட்டுதான் இருக்கீங்க" என்றார்.

அவர் பெயர் உத்திராபதி. ஈச்சந்திடல்காரர், ஐம்பது வயதிருக்கும். அவர் கைகொடுத்து நான் கரையேறிப் பார்த்தபோது எல்லையம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்ன தரையில், சேற்றில், காலை ஒரு பக்கமாக மடித்து, சுக்கானைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்து நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். நாய் அசையவில்லை. அவர் அதன் வாயை மூடிப்பிடித்து மூக்கில் ஊதினார், பிறகு அமுக்கினார், திரும்பவும் ஊதினார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் ஈரத்தோடு நின்றிருந்தேன், கையில் அந்த நகல் படம் கூழாகி ஒட்டியிருந்தது. கடைசியில் சுக்கான் இருமியது, தண்ணீரைக் கக்கியது, அவர் மடியிலேயே தலையைப் போட்டுக்கொண்டது. அவர் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. நானும் உத்திராபதியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். தூக்கும்போது வலியில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்த நிலையில்தான் அவர் உத்திராபதியிடம், இங்கே ஒரு பாதை உண்டு என்று இந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று கேட்டார். உத்திராபதி வயலைக் காட்டிப் பேசினார். பாதை இருந்ததாம். வடக்கு வயல்காரர் முதலில் ஓரத்தைக் கொத்தினார், அப்புறம் ஒரு வருஷம் மொத்தமாக உழுது நட்டுவிட்டார். ஊரே சேர்ந்து 2009 ஜமாபந்தியில் மனுக் கொடுத்தது. சர்வேயர் வந்து பார்ப்பார் என்றார்கள். கொஞ்ச நாளில் பதில் வந்தது. நேரில் பார்வையிடப்பட்டது, பாதை உள்ளது, மனு முடிக்கப்பட்டது. இருக்கிற பாதையைத் திறந்துவிடு என்று எவனிடம் போய்க் கேட்பது? பதினைந்து வருஷமாக முப்பது வீடும் இந்த ஒரு சாண் வரப்பில்தான் போய்வருகிறது. அவர் தங்கைக்குச் சிறு வயதில் போலியோ வந்து கால் விளங்காது. கலெக்டர் ஆபீசில் மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள். அது ரோட்டு முனையில் ஒருவர் மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது, தங்கை வீட்டில் இருக்கிறார். இருவரும் சந்தித்துக்கொள்ள வழியில்லை.

அண்ணே, 2009இல் இந்தப் பிர்காவுக்கு சர்வேயர் யார் என்று தங்களுக்குத் தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை. தலை வழுக்கையாகிவிட்டது, உடம்பும் பெருத்துவிட்டது, என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைத்து, அதில் ஒரு நிம்மதிகூடப் பட்டேன். எழுதவே கூசுகிறது, ஆனால் பட்டேன்.

வண்டி வந்து வீடு திரும்பினோம். மீனா என் புதுத் துண்டை எடுத்துச் சுக்கானைத் துவட்டினாள். எனக்குப் பழையது. எல்லையம்மாளுக்கு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"சார், இந்தப் பாதையில நீங்க கடைசியா எப்ப நடந்தீங்க?"

"நடந்ததில்லம்மா."

"அளந்தது?"

"அளக்கலம்மா. நகல்தான் எடுத்தேன்."

2009 மனுவையும் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், "வார்டுல நாங்களும் பாக்காமலே சார்ட்டுல எழுதுனது உண்டு. எழுதுன ராத்திரி தூக்கம் வராது" என்றார். பிறகு, எனக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்பதுதான் உண்மை. அதையும் சொன்னேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மீனாவையும் கூட்டிக்கொண்டு ஈச்சந்திடலுக்குப் போனேன். அந்த வரப்பில் நாங்கள் முந்நூறு மீட்டர் போக முக்கால் மணிநேரம் ஆயிற்று. மீனா என்னைப் பிடித்துக்கொண்டாள், நான் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. உத்திராபதி வீட்டு வாசலில் நாற்றுக்கட்டுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், அந்த சர்வேயர் நான்தானப்பா என்று. அவர் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும் சார். அன்னைக்கு மழை. சைக்கிள்ல வந்தீங்க, ரோட்டு முனையில டீ குடிச்சீங்க, திரும்பிப் போயிட்டீங்க. நாங்க எட்டு பேரு இந்தக் கோடியில குடை புடிச்சிக்கிட்டு நின்னம்."

ஆபீசில் உட்கார்ந்து எழுதியதாகத்தான் எனக்கு நினைவு. டீக்கடை வரை போனது எனக்கே மறந்திருந்தது. அவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறேன். தெரிந்தும் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்தம்மா முன்னாடி எதுக்கு சார்."

மனிதர் என்னைத் தண்ணீரிலிருந்து தூக்கியதைவிட இதில்தான் நான் அதிகம் கடன்பட்டேன். உள்ளே அவருடைய தங்கை கதவோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். எல்லையம்மாள் எங்கள் வீட்டிலேயே விட்டுப்போயிருந்த கட்டுரைக் கத்தரிப்பை மீனா எடுத்துவந்திருந்தாள். அந்தப் பெண் அதை வாங்கி, மூன்றாம் பாதை பற்றிய இடத்தை மட்டும் எழுத்துக்கூட்டாமல் நன்றாகப் படித்தார். பத்தடி அகலம், கெட்டித் தரை, சக்கர நாற்காலியும் தடையின்றிச் செல்லும். படித்துவிட்டு, இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று மீனாவைக் கேட்டார்.

அன்று மாலையே மனு எழுத உட்கார்ந்தேன். வட்டாட்சியருக்கு, படப்படி உள்ள வண்டிப்பாதையை அளந்து மீட்டுத்தரும்படி. 2009ஆம் ஆண்டு அறிக்கை தலத்தைப் பார்க்காமல் என்னால் எழுதப்பட்டது என்று என் கையெழுத்தில் சேர்த்தேன். இதனால் பென்ஷனுக்கு ஏதாவது வருமோ என்று மீனாவிடம் கேட்டேன். வந்தால் அப்போது ஈச்சந்திடலிலேயே ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். முப்பது வீட்டிலும் கையெழுத்து வாங்கினோம். முப்பத்தொன்றாவதாக எல்லையம்மாள் போட்டார். அவருக்கு எக்ஸ்ரே எடுத்ததில் தகடு நகரவில்லை, ஆனால் இரண்டு வாரம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. சுக்கானுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஊசி போட்டு, இப்போது மீன் சாப்பிடுகிறது. நான் இரண்டு முறை நாகப்பட்டினம் போய்ப் பார்த்துவந்தேன். என் வாசனை தெரிந்ததும் அது எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

இந்த இரண்டு வாரத்தில் மற்ற நான்கு பாதைகளையும் நானும் மீனாவும் நடந்தே பார்த்துவிட்டோம், கட்டுரை வெளிவந்த பிறகாவது பார்க்க வேண்டும் என்று அவள் விடவில்லை. முதல் பாதை ஒரு இறால் பண்ணையின் வேலியில் முட்டி நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று நாய், அவை யாரோடும் நடக்கப் பழகியவையாகத் தெரியவில்லை. இரண்டாவது பாதை இருக்கிறது, ஆனால் அதன் முழு நீளத்துக்கும் குறுவை நெல்லைக் காயப்போட்டு ஆட்கள் காவலுக்குப் படுத்திருக்கிறார்கள். ஐந்தாவதை, படத்தை வடக்கு தெற்கு மாற்றிப் பார்த்து எழுதியிருக்கிறேன், அதன்படி போனால் ஒரு வீட்டுக் கொல்லையில் குளிக்குமிடத்துக்குப் போய்ச் சேரலாம். நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அந்த வீட்டு அம்மாள் பேசியதை எழுத முடியாது. நான்காவது ஒன்றுதான் நான் எழுதியபடியே, அகலமாக, சமமாக, நல்ல நிழலோடு, காற்றோட்டமாக இருக்கிறது. அது சுடுகாட்டில் முடிகிறது. நம் சங்க உறுப்பினர்களின் வயதை உத்தேசித்து அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, வரும் இதழில் கீழ்க்கண்டவாறு ஒரு திருத்தம் வெளியிடும்படி தங்களை மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்: 'புரட்டாசி இதழில் குறிப்பிடப்பட்ட ஐந்து பாதைகளும் கட்டுரையாளரால் காகிதத்தில் மட்டுமே பார்க்கப்பட்டவை. குறிப்பாக ஈச்சந்திடல் செல்லும் மூன்றாம் பாதை என்று ஒன்று இல்லை. யாரும் தேடிச் செல்ல வேண்டாம். வீரன் என்ற நாயும் இல்லை. இராஜாங்கம் வருந்துகிறார்.' இடம் போதாவிட்டால் வீரனைப் பற்றிய வரியை எடுத்துவிடலாம், கடைசி வரியை எடுக்க வேண்டாம். இனி இதழில் நான் எதுவும் எழுதுவதாக இல்லை. தாங்கள் கேட்டிருந்த 'கீழ்வேளூர் வட்டத்து நீர்நிலைகள்' கட்டுரையையும் வேறு யாரிடமாவது, நீர்நிலைகளைப் பார்த்தவரிடம், கொடுத்துவிடுங்கள்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைத் தெரிவியுங்கள். கண்ணில் மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள். சங்கத் தோழர்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நல்ல முழங்காலோடும் இருக்க வேண்டும் என்று நானும் மீனாவும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைகுனிந்த நிலையில்,
இராஜாங்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் எல்லையம்மாள் போன் செய்தார். திருத்தத்தை அவருக்குப் படித்துக்காட்டினேன். அவர் கட்டிலில் படுத்தபடியே, சார், உங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டார். மனு வட்டாட்சியர் மேஜையில் இருக்கிறது. வடக்கு வயல்காரர் வக்கீல் வைத்துவிட்டார், அப்படி ஒரு பாதை புழக்கத்திலேயே இல்லை என்பதுதான் அவர்கள் பேச்சு. இந்த நேரத்தில் அளந்த சர்வேயரே, இல்லையில்லை, அளக்காத சர்வேயரே, அந்தப் பாதை இல்லை, யாரும் போகவேண்டாம் என்று அச்சில் போட்டால் அதை வெட்டி எடுத்து அவர்கள் மனுவோடு சேர்த்துவிடுவார்கள் என்கிறார். உத்திராபதியும் பக்கத்திலிருந்து அதையே சொன்னார். மீன் வண்டியில் அந்த அம்மாளைப் பார்க்கப் போயிருக்கிறார், தங்கையைத் தோளில் சுமந்து ரோடு வரை கொண்டுவந்து, அவரையும் கூட்டிக்கொண்டு.

ஆதலால் அண்ணே, மேலே எழுதிய எதையும் வெளியிட வேண்டாம். திருத்தம் வேண்டாம், வருத்தம் வேண்டாம். நான் எழுதுவதை நிறுத்தியதையும் நிறுத்திவையுங்கள். பாதை புழக்கத்தில் இல்லை என்பவர்கள் பார்க்கட்டும், அதற்குப் பதிலாக இதைப் போடுங்கள்: கார்த்திகை முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, மூன்றாம் பாதையில் சங்க உறுப்பினர்கள் அனைவரும் நடக்கிறோம். நாய் உள்ளவர்கள் நாயோடும், இல்லாதவர்கள் இல்லாமலும் வரலாம். ஊன்றுகோல்காரர்கள் ஆளுக்கு ஒரு பலகை கொண்டுவரவும், சேறு இருக்கும். மழை பெய்தாலும் நடை உண்டு, சர்வேயர் டீக்கடையைத் தாண்டி வருவார். முன்பக்கத்தில் இடமில்லை என்றால் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்துக்கு மேலே போடுங்கள், நம்மவர்கள் எல்லோரும் முதலில் பிரிப்பது அதைத்தான்.